கேள்வியை எழுதுபவர்கள்: கியூபெக் வாக்கெடுப்பை முன்வைத்து

தேசிய இனச் சிக்கல் பற்றி நம்மிடையே நடந்த விவாதங்களில் நார்வே அடிக்கடி வந்துபோகும். சுயநிர்ணய உரிமை பற்றி லெனின் 1914இல் எழுதியதில் அது முக்கியமான உதாரணம். 1905 ஆகஸ்டில், சுவீடனுடனான இணைப்பை முறித்துக்கொள்வதா என்று நார்வேயில் வாக்கெடுத்தார்கள். முறிப்போம் என்றவர்கள் 3,68,208 பேர். வேண்டாம் என்றவர்கள் வெறும் 184 பேர். இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய தோழர்களை எனக்குத் தெரியும். அந்த வாக்கெடுப்பில் பெண்களுக்கு ஓட்டு இல்லை என்பதை அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்கள் அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தனியே கையெழுத்து இயக்கம் நடத்தி 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள், அதுவும் பிரிவினைக்கு ஆதரவாக. எண்ணிக்கையில் அது சேரவில்லை. நார்வே மக்கள் ஏறத்தாழ ஒருமனதாக முடிவெடுத்தார்கள் என்று நாம் சொல்லும்போது, அந்த 'மக்கள்' யார் என்பது வாக்கெடுப்புக்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது.

பிரிந்துபோகும் உரிமை உண்டா இல்லையா என்பதோடு நம் விவாதங்கள் நின்றுவிடுகின்றன. உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு நடப்பதெல்லாம், அதாவது கேள்வியை யார் எழுதுவது, யாரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது, எந்த எல்லைக்குள் எண்ணுவது என்பதெல்லாம் ஏதோ அலுவலக நடைமுறை என்று தள்ளிவிடுகிறோம். அரசியல் அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். இதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பை வைத்துப் பேசிப்பார்க்கலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியூபெக்குக்குப் பிரிந்துபோகும் உரிமை இல்லை என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. அப்படி வாதிட ஒட்டாவாவில் ஆட்கள் நிறையவே உண்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக இருந்தும் ஆலையும் வங்கியும் ஆங்கிலத்தில் இயங்கிய மாகாணம் அது. 1960களில் அந்த நிலை அசையத் தொடங்கியது. தனியார் மின் நிறுவனங்களை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. அதை முன்னின்று நடத்திய அமைச்சர் ரெனே லெவெக். சொந்த வீட்டில் நாமே எஜமானர் என்பது 1962 தேர்தல் முழக்கம். லெவெக் பின்னர் தொடங்கிய கியூபெக் கட்சி 1976இல் ஆட்சிக்கு வந்தது. 1977இல் பிரெஞ்சு மொழிச் சட்டம், 1980 மே 20இல் முதல் வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்பின் கேள்வி நூறு வார்த்தைகளைத் தாண்டும். பிரிவதற்குச் சம்மதமா என்றுகூட அது கேட்கவில்லை. இறையாண்மை குறித்துப் பேச்சு நடத்த அனுமதி கேட்டது, முடிவுக்கு இன்னொரு வாக்கெடுப்பு உண்டு என்றும் உறுதி சொன்னது. 59.56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

அந்த 1980 விவாதத்தில் ஒரு சம்பவம் நடந்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இவெத் என்றொரு சிறுமி வருவாள், அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிற அடக்கமான பெண். பெண்கள் நலனுக்குப் பொறுப்பான அமைச்சர் லீஸ் பாயெத், எதிரணித் தலைவர் க்ளோத் ரியான் எல்லாப் பெண்களும் இவெத்தாக இருக்க விரும்புகிறவர், அவர் மனைவியே ஓர் இவெத்தான் என்று கூட்டத்தில் பேசிவிட்டார். பெண்ணியவாதி, பாடப் புத்தகத்தைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விடுதலைக்கு ஓட்டுப் போடாத பெண் பின்தங்கியவள் என்று அது போய் விழுந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் ஏறத்தாழ 14 ஆயிரம் பெண்கள் 'நாங்களும் இவெத்துகள்தான்' என்று திரண்டார்கள். தேசம் தனக்கு வேண்டிய பெண்ணை முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறது. அந்தப் படத்துக்குள் வராதவள் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்கிறாள். பதினைந்து வருடம் கழித்து, 1995 பிரச்சாரத்தில் லூசியன் பூஷார், வெள்ளை இனங்களிலேயே குறைவாகப் பிள்ளை பெறும் இனங்களில் நாமும் ஒன்று என்று பேசினார். அந்த 'நாம்' யார் என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள்.

1995க்கு வருவோம். முதல்வர் ழாக் பரிசோ விவாதத்துக்குப் பெரிய ஏற்பாடு செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிராந்தியங்களுக்கு 16, இளைஞருக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று என 18 ஆணையங்கள் அமைத்தார். அவை பொது விசாரணைகள் நடத்தின. பிரிவினையை எதிர்த்த லிபரல் கட்சி வரவில்லை. செப்டம்பர் 6ஆம் தேதி கியூபெக் நகரத்தின் பெரிய நாடக அரங்கில், இறையாண்மைச் சட்ட வரைவின் முன்னுரையைப் பாடகரும் கவிஞருமான ஜில் விக்னோவும் நாடக ஆசிரியர் மரி லபெர்ஜும் வாசித்தார்கள். நிலம், பனிக்காலம், அறுவடை, மூதாதையர் என்று போகிற உரைநடை. 'கியூபெக் மக்களாகிய நாம்' என்று பேசியது.

எழுத்தாளர்கள் படிக்கும் இதழ் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். முன்னுரை நன்றாகவே இருக்கிறது. அந்த மொழிக்கு நேர்ந்த அவமானங்களை அறிந்தவர்களுக்கு அது வெறும் அலங்காரமாகப் படாது. ஆனால் முன்னுரைக்குக் கீழே சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைக் கவிஞர்கள் வாசிக்கவில்லை. கியூபெக் தன் இப்போதைய எல்லைகளோடு அப்படியே நாடாகும் என்கிறது ஒரு பிரிவு. பூர்வகுடிகள் தங்களுக்கு முழு உடைமையான நிலங்களில் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் உரிமை அங்கீகரிக்கப்படும், ஆனால் அது கியூபெக்கின் பிரதேச ஒருமைப்பாட்டுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. பிரதேச ஒருமைப்பாடு! கியூபெக்கைப் பார்த்துக் கனடா சொல்லிக்கொண்டிருந்த அதே சொல். பிரியப் போகிறவர்கள் அதைப் பத்திரமாக எடுத்துத் தங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

ஜேம்ஸ் பே பகுதியின் க்ரீ மக்கள் அன்று சுமார் 12 ஆயிரம் பேர். அவர்களுடைய நிலம் கியூபெக்கின் எல்லைக்குள் வந்த கதையைப் பாருங்கள். 1870இல் ஹட்சன் பே கம்பெனியின் பிரதேசம் கனடாவுக்குக் கைமாறியது. 1898இலும் 1912இலும் அதன் பகுதிகளைக் கனடா எடுத்துக் கியூபெக் மாகாணத்தோடு சேர்த்தது. மூன்று தடவையும் அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் மின்சாரம். 1960களில் கியூபெக்கின் தன்மானத்துக்கு அடையாளமாக நின்ற அதே மின்வாரியம் 1970களில் வடக்கே அணை கட்டக் கிளம்பியது. 1971இல் திட்டத்தை அறிவித்தவர் கனடாவோடு இருப்போம் என்ற கட்சியின் முதல்வர் ரொபேர் பூராசா. இந்த விஷயத்தில் இரண்டு முகாமுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. க்ரீக்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் நீதிபதி மலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அதை விலக்கிவிட்டது. அணை எழுந்துகொண்டிருக்க, 1975இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நீர்த்தேக்கங்களில் பாதரசம் மீனில் ஏறியது. மீனைத் தின்று வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். ஒரு தேசிய இனத்தின் மீட்சி என்று நாம் வாசிக்கிற அத்தியாயமும் இன்னொரு மக்களின் ஆறுகள் போன அத்தியாயமும் ஒரே மின்கம்பியில் ஓடுகின்றன.

இந்த வரலாற்றோடுதான் அவர்கள் 1995 விவாதத்துக்குள் வந்தார்கள். கியூபெக்கின் கேள்வி, கனடாவுக்குப் புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவு ஒன்றை முறைப்படி முன்வைத்த பிறகு, வரைவுச் சட்டத்துக்கும் ஜூன் 12 உடன்படிக்கைக்கும் உட்பட்டு, கியூபெக் இறையாண்மை பெறச் சம்மதிக்கிறீர்களா என்று போகும். க்ரீக்கள் அதற்கு ஆம், இல்லை என்று சொல்வதோடு நிற்கவில்லை. தங்கள் கேள்வியைத் தாங்களே எழுதினார்கள். கியூபெக்கில் 'ஆம்' வென்றால், க்ரீக்களையும் அவர்களுடைய மரபு நிலத்தையும் கியூபெக் அரசு கனடாவிலிருந்து பிரித்தெடுக்க, ஒரு மக்களாக நீங்கள் சம்மதிக்கிறீர்களா என்பது அதன் சாரம். அக்டோபர் 24ஆம் தேதி, பெரிய வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பு ஓட்டுப் போட்டார்கள். 96.3 சதவீதம் பேர் சம்மதமில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து இன்யூயிட் மக்களும் ஏறத்தாழ அதே அளவில் மறுத்தார்கள்.

இந்தக் கேள்வியில் கவனிக்க வேண்டிய சொல் 'சம்மதம்'. ஆங்கிலப் பத்திரிகைகளும் ஒட்டாவா அரசியல்வாதிகளும் இதைக் கனடாவின் மேல் க்ரீக்கள் வைத்த பாசம் என்று வாசித்துக் குதூகலித்தார்கள். கனடாவைப் பிரிக்கலாம் என்றால் கியூபெக்கையும் பிரிக்கலாம் என்று ஒரு வாதம் பிறந்து, மாண்ட்ரியலின் ஆங்கிலப் பேட்டைகள் வரைக்கும் போனது. கேட்காமலே இவர்கள் நிலத்தைக் கைமாற்றிய அரசு இவர்களைக் காட்டி வழக்காடியது வேடிக்கைதான். சம்மதம் கேட்காமல் எங்களை நகர்த்தாதே என்கிற வாதம் 1912க்கும் பொருந்தும், 1870க்கும் பொருந்தும். அதை ஒட்டாவா படித்த மாதிரித் தெரியவில்லை.

அக்டோபர் 30ஆம் தேதி வாக்காளர்களில் 93.52 சதவீதம் பேர் வந்தார்கள். வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. வித்தியாசம் 54,288 ஓட்டு. செல்லாதவை 86 ஆயிரத்துக்கும் மேல். பணமும் இனக்குழு ஓட்டுகளும் எங்களைத் தோற்கடித்துவிட்டன என்று அன்றிரவு பரிசோ பேசினார். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் சொன்ன இனக்குழுக்களில் கிரேக்கர், இத்தாலியர், ஹைத்தியர் மட்டுமில்லை, 1983க்குப் பிறகு மாண்ட்ரியலில் வந்து குடியேறிய ஈழத் தமிழர்களும் உண்டு. மொழிச் சட்டப்படி அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படித்தார்கள். ஒரு தேசத்தின் 'நாம்' தங்களை வெளியே நிறுத்தியதால் ஊரை விட்டு வந்தவர்கள், இன்னொரு 'நாம்' தோற்ற இரவில் மறுபடியும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஓட்டுச் சீட்டில் எல்லாரும் கியூபெக் மக்கள். எண்ணி முடித்ததும் பிரெஞ்சுக்காரர்கள் தனி, மற்றவர்கள் தனி.

அதன் பிறகு கேள்வி எழுதும் அதிகாரத்தின் மீது கனடா கை வைத்தது. உச்ச நீதிமன்றம் 1998 ஆகஸ்டில் கொடுத்த கருத்து நிதானமானது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் கனடா பேச்சுக்கு வந்தே ஆக வேண்டும். எது தெளிவு என்பதை அது சொல்லவில்லை. 2000இல் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, தெளிவா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எத்தனை சதவீதம் தெளிவு என்று அந்தச் சட்டத்திலும் எண் கிடையாது. ஜெயித்தால் சொல்கிறோம் என்பதுதான் அதன் பொருள். 1995 கேள்வி சுற்றிவளைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை மக்கள் குழம்பிப் போய் ஓட்டளித்த கதையாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 93 சதவீதம் பேர் வந்து நின்ற வரிசை அது.

க்ரீக்களின் கதை அங்கே முடியவில்லை. 2002 பிப்ரவரி 7ஆம் தேதி வாஸ்ககானிஷ் கிராமத்தில், அதே கியூபெக் கட்சியின் முதல்வர் பெர்னார் லாந்ரி, க்ரீ தலைவர் டெட் மோசஸுடன், தேசத்துக்குத் தேசம் என்ற முறையில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1995இல் கிடைக்காத சொல் அது. 50 ஆண்டுகளில் 350 கோடி டாலர். பதிலுக்கு ரூபர்ட் ஆற்றைத் திருப்பும் திட்டத்துக்குச் சம்மதம். க்ரீக்களிடையே வாக்கெடுப்பு நடந்தது, கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் ஏற்றார்கள். திட்டத்தால் பாதிக்கப்படவிருந்த நெமாஸ்கா, வாஸ்ககானிஷ், சிசாசிபி ஆகிய மூன்று ஊர்களும் அந்த எண்ணிக்கைக்குள்தான் இருந்தன. 2006இல் அவை தாங்களாகவே வாக்கெடுத்து, ஆற்றைத் திருப்ப வேண்டாம் என்றன. 2009இல் ஆறு திருப்பப்பட்டது.