கெல்லி மாளிகையின் வெற்றுக் குழி

ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகையை நாம் மாணவர்களோடு சென்று பார்த்திருக்கிறோம். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய கட்டடம் அது. தமிழ்த் தொழிலாளர் உழைப்பும் அதில் உண்டு. 1926இல் அவர் லிஸ்பனில் காலமானார். மின்தூக்கிக்கென விடப்பட்ட குழி வெறுமையாகவே நின்றுவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம்மவர் பலர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்து வீட்டில் படியேறிப் பழகாத முதியோருக்கு அங்கே மின்தூக்கியே கால். அது பொதுச்சொத்து, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பேணுவது நிர்வாகத்தின் கடமை. கயிறு, தடை, கதவு ஆகியவற்றைத் தேர்ந்தவர் காலந்தவறாது சோதிக்கக் கட்டட நிர்வாகி ஏற்பாடு செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழையும் காலாவதியாக விடலாகாது. அதற்கான கட்டணத்தை நாமும் ஒழுங்காகச் செலுத்த வேண்டும். பேணாத மின்தூக்கியும் கெல்லியின் வெற்றுக் குழியும் ஒன்றே அல்லவா?