நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கும் ஆபத்து! விண்டோஸில் ‘எஸ்எம்பி1’ வசதியை நீக்குவது எப்படி?

“நம்ம கம்ப்யூட்டர்ல நெட்டே இல்ல, அப்புறம் எப்படி வைரஸ் வரும்?” என்று கேட்பவர்கள் இன்றும் நிறைய. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை போன்ற இடங்களில் இந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், செம்மேட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு ஊர்களில் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். பெரிய விண்டோஸ் அப்டேட் இறங்குவதற்குள் பொறுமையே போய்விடும். அப்டேட்டை நிறுத்தி வைக்கத்தான் தோன்றும்.

ஆனால், எதையும் டவுன்லோடு செய்யாமலேயே மூடக்கூடிய ஒரு பழைய கதவு விண்டோஸுக்குள் இருக்கிறது. அதன் பெயர் எஸ்எம்பி1.

எஸ்எம்பி1 என்றால் என்ன?

ஒரே வீட்டிலோ கடையிலோ உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல்களையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள உதவும் நெட்வொர்க் முறை இது. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. 2006-ல் விஸ்டாவுடன் எஸ்எம்பி2 வந்துவிட்டது, பிறகு எஸ்எம்பி3-ம் வந்தது. ஆனாலும் பழைய சாதனங்களுக்காக முதல் பதிப்பையும் மைக்ரோசாஃப்ட் கூடவே வைத்திருந்தது. 2016 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் நெட் பைல், இதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். கேட்டவர்கள் குறைவு.

2017-ல் என்ன நடந்தது?

அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டையைப் பயன்படுத்த ‘எடர்னல்ப்ளூ’ என்ற கருவியை வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதி ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து அந்தக் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12-ம் தேதி ‘வானாக்ரை’ தாக்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஃபைல்களைத் திருப்பித் தர 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டார்கள். நம் பக்கத்து கேரளாவில், வயநாடு மாவட்டத்தின் தரியோடு என்ற மலையோரப் பஞ்சாயத்து அலுவலகமும் தப்பவில்லை. பலரும் நினைப்பதுபோல, அதிகம் பாதிக்கப்பட்டது எக்ஸ்பி அல்ல, அப்டேட் செய்யாத விண்டோஸ் 7.

நெட் இல்லாவிட்டால் ஏன் இன்னும் மோசம்?

வானாக்ரை ஓடத் தொடங்கியதும் ஒரு வினோதமான இணைய முகவரியைத் தேடும். அது பதில் கொடுத்தால் அடங்கிவிடும். பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் அந்த முகவரியைப் பதிவு செய்ததால்தான் தாக்குதல் தணிந்தது. நெட் இல்லாத இடத்திலோ அந்த முகவரி கிடைக்காது, வைரஸ் தன் வேலையை முழுசாகப் பார்த்துவிடும். கீழே டவுனில் தொற்றிய ஒரு லேப்டாப்பை மேலே கொண்டுவந்து கடையின் வைஃபையில் இணைத்தாலே போதும். யாரும் எந்த ஃபைலையும் திறக்க வேண்டியதில்லை.

சரி, எப்படி நீக்குவது?

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘புரோகிராம்ஸ்’ பகுதிக்குப் போய், ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதைத் திறக்கவும். பட்டியலில் ‘எஸ்எம்பி 1.0/சிஐஎஃப்எஸ் ஃபைல் ஷேரிங் சப்போர்ட்’ என்று இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவ்வளவுதான். டிக் ஏற்கெனவே இல்லை என்றால் எதையும் தொட வேண்டாம். 2017 அக்டோபரில் வெளியான 1709 பதிப்பில் இருந்தே மைக்ரோசாஃப்ட் இதைப் படிப்படியாக நீக்கி வருகிறது. பக்கத்திலேயே ‘எஸ்எம்பி டைரக்ட்’ என்று ஒன்று இருக்கும். அது வேறு, அப்படியே விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 7-ல் இந்த டிக் பெட்டி கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் ‘லேன்மேன்சர்வர்’ பகுதியின் ‘பாராமீட்டர்ஸ்’ உள்ளே ‘எஸ்எம்பி1’ மதிப்பை 0 ஆக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் சர்வீஸ் செய்பவரிடம் விடுவதே நல்லது. மார்ச் 2017 அப்டேட்டையும் (கேபி 4012212) நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ பென் டிரைவில் இறக்கிக் கொண்டுவந்து நெட் இல்லாமலே போட்டுவிடலாம். அதற்கு விண்டோஸ் 7-ல் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும்.

என்னென்ன வேலை செய்யாமல் போகும்?

இணையத்துக்கோ, யுஎஸ்பி வயரில் இணைத்த பிரிண்டருக்கோ ஒன்றும் ஆகாது. ஸ்கேன் செய்ததை நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின்கள், பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க்குகள் மட்டும் தகராறு செய்யலாம். அதற்காக மறுபடி ஆன் செய்யாதீர்கள். மெஷினில் எஸ்எம்பி2 வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஸ்கேனை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். மெயிலில் வரும் ரான்சம்வேரை இது தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பேக்கப் தனியாக எடுத்தே ஆகவேண்டும்.

இன்னும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கிறதா? அதற்கு எஸ்எம்பி1 தவிர வேறு எதுவும் தெரியாது. நெட்வொர்க் கனெக்‌ஷனின் ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்து ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ டிக்கை எடுத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரைத் தனியாகவே ஓட்டுங்கள்.