'கவனக்குறைவு' என்னும் தீர்ப்பின் வரலாறு

"ஆள் கொஞ்சம் பாத்து வேலை செஞ்சிருக்கணும்." பட்டறையில் விரல் போனாலும் சரி, சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து செத்தாலும் சரி, முதலில் காதில் விழுவது இதுதான். மேஸ்திரி சொல்வார், அதிகாரி எழுதுவார், சில சமயம் அடிபட்டவரே சொல்லிக்கொள்வார். இயல்பான பேச்சாகத் தோன்றும் இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நீதிமன்றத்தில் வலுப்பெற்று, காப்பீட்டுக் கம்பெனியில் 'விஞ்ஞானம்' ஆன வரலாறு அது.

1837, இங்கிலாந்து. கசாப்புக்காரர் ஒருவரின் வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்டிருந்தது. வண்டி உடைந்து, வேலையாள் பிரீஸ்ட்லியின் தொடையெலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். அபிங்கர் பிரபு தலைமையிலான நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்து என்று தெரிந்தால் வேலையாள் மறுத்திருக்கலாமே என்பது வாதம். 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சக ஊழியரின் தவறால் கையை இழந்த ரயில் ஓட்டுநர் ஃபார்வெல் வழக்குப் போட்டார். ஆபத்துக்கான விலையும் கூலியிலேயே அடங்கியிருக்கிறது என்றார் நீதிபதி ஷா. மறுத்தால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு எரியாது என்கிற எளிய உண்மைக்கு இந்தத் தீர்ப்புகளில் இடமில்லை. முதலாளிக்குச் சமமாக நின்று சுதந்திரமாக ஒப்பந்தம் செய்யும் தொழிலாளி என்கிற கற்பிதத்தின் மேல்தான் இரண்டும் கட்டப்பட்டிருக்கின்றன.

ஜெர்மனியில் 1884, பிரிட்டனில் 1897, இந்தியாவில் 1923. இந்தச் சட்டங்கள் 'யார் தவறு?' என்ற கேள்வியைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, காயத்துக்கு இழப்பீடு தரச் சொல்லின. காயத்தின் செலவு முதலாளியின் கணக்கில் ஏறியபோது, இயந்திரத்துக்கு உறை போடுவது லாபமாகத் தெரிய ஆரம்பித்தது. கருணையைவிடக் கணக்கு அதிகம் சாதித்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒதுக்கப்பட்ட கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 1931இல் ஹெய்ன்ரிக் என்கிற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அதிகாரி தொழில் விபத்துத் தடுப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். 75,000 விபத்துகளைப் பார்த்ததாகவும், அவற்றில் 88 சதவீதத்துக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலே காரணம் என்றும் கணக்குச் சொன்னார். அவர் பார்த்த ஆவணங்களில் பெரும்பகுதி ஆலை உரிமையாளர்கள் வைத்திருந்தவை. எழுதியது யார் கையோ, காரணமும் அந்தக் கை காட்டிய பக்கமே இருந்தது! இந்த 88 பல பத்தாண்டுகள் பாதுகாப்புப் பாடமாக ஓதப்பட்டது.

அதன் கோர முகத்தைப் போபால் காட்டியது. 1984 டிசம்பர் 2 இரவு, மீதைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளியின் நாசவேலை என்றது யூனியன் கார்பைடு. குழாய் கழுவும்போது புகுந்தது என்றார்கள் தொழிலாளர்கள். தண்ணீர் எப்படியோ புகுந்தது என்றே வைத்துக்கொள்வோம். குளிரூட்டும் சாதனம் மாதக்கணக்கில் ஏன் நிறுத்தப்பட்டிருந்தது? கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் ஏன் கழற்றிக் கிடந்தது? இவற்றை நிறுத்திவைக்கும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. நிறுவனத்தின் சொந்தத் தணிக்கைக் குழுவே 1982இல் குறைகளைப் பட்டியலிட்டிருந்தது. அதே ஆண்டு பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானியும் எச்சரித்து எழுதினார். அபாயம் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்களின் குரலுக்கு மதிப்பில்லை.

அதன் பிறகுதான், 1987 திருத்தத்தில், அபாயகரமான ஆலைகளின் தொழிலாளிக்குத் தான் கையாளும் பொருளின் ஆபத்தை அறியும் உரிமையும், உடனடி அபாயம் இருப்பதாக எச்சரிக்கும் உரிமையும் இந்தியச் சட்டத்தில் ஏறின. ஆயிரக்கணக்கான பிணங்களைத் தாண்டி வந்த இரண்டு உரிமைகள்.

விபத்துத் தடுப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்றுவது; முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறுவது; பிறகு தடுப்பு போடுவது; கடைசியில்தான் எச்சரிக்கைப் பலகையும் தலைக்கவசமும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. பலகை மலிவு, பழியைத் தொழிலாளி மேல் போடவும் அது வசதி.

கவனம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவருக்குக் கண் அசரும், கை தவறும். தவறுகிற கைக்கும் இடம் விட்டு இயந்திரத்தை அமைக்கிறோமா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை 'பாத்து செஞ்சிருக்கணும்' என்று யாராவது சொன்னால், நாம் திருப்பிக் கேட்க வேண்டியது: நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது?