வகுப்பறையில் பிறந்த கட்டடக் கட்டுப்பாடு

கொழும்பின் மாடிக் கட்டடங்களில் குளிரும் வெளிச்சமும் தாமாகவே கூடிக் குறைவதை நாம் பார்க்கிறோம். இந்த ஏற்பாட்டின் ஆரம்பம் ஓர் ஆசிரியரின் வகுப்பறை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வைட்வோட்டர் ஆசிரியர் கலாசாலையில் படிப்பித்தவர் வாரன் ஜோன்சன். குளிர்காலத்தில் அறையின் சூடு போதுமா என்று பார்க்க ஊழியர் அடிக்கடி வகுப்புக்குள் வருவார். பாடம் குழம்பும். ஜோன்சன் அறையில் ஒரு வெப்ப உணரியைப் பொருத்தினார். சூடு கூடினாலோ குறைந்தாலோ கீழே கொதிகலன் அறையில் மணி அடிக்கும். 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் மணி அடித்த பிறகும் ஒரு மனிதர்தான் சூட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1895இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில், அமுக்கிய காற்றே அந்த வேலையைச் செய்தது. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி வெப்பநிலை சாத்தியமானது.

1970களில் எண்ணெய் விலை ஏறியது. வீணாகும் சக்தியைக் குறைக்கக் கட்டடங்களுக்குள் கணினி வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஒரு கம்பனியின் கருவி இன்னொன்றின் கருவியோடு பேசாது. வாங்கியவர் திருத்த வேலைக்கும் அந்தக் கம்பனியையே நம்பியிருக்க வேண்டும். அதற்குத் தீர்வாக 1995இல் ‘பெக்நெட்’ என்ற பொது மொழி தரமாக வெளியானது.

நமதூரில் வைத்தியசாலை, கடைத்தொகுதி கட்டும் சகோதரர்களே, விலையை மட்டும் பேசாதீர்கள். “இது பொது மொழி பேசுமா?” என்று கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். இல்லாவிட்டால் கட்டடம் நம்முடையது, சாவி வேறொருவரிடம்.