கைதானாரா, வழக்கு என்னாச்சு? சிங்கப்பூரில் எதைத் தேடலாம், எது கிடைக்காது

"அந்த ஆளைப் போலீஸ் பிடிச்சிட்டாங்களாம்." இப்படி ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பெயரைத் தட்டித் தேடிப் பார்ப்பீர்கள். உங்கள் வீட்டில் அறை வாடகைக்குக் கேட்பவர், பெண் கேட்டு வந்திருக்கும் குடும்பம், ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் மாமா மகன் என்று யாரைப் பற்றியும் இந்தக் கேள்வி எழலாம்.

சில பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிலவற்றைப் பொதுமக்கள் பார்க்கவே முடியாது. அந்தக் கோடு எங்கே இருக்கு என்று தெரிந்துகொண்டால் உங்கள் நேரமும் மிச்சம், அடுத்தவர் பெயரும் கெடாது.

கைதுப் பட்டியல்னு ஒண்ணு இருக்கா?

சிங்கப்பூரில் இல்லை.

அமெரிக்காவின் பல கிராமப்புற மாவட்டங்களில் ஷெரிஃப் அலுவலகமே இணையத்தளத்தில் கைதானவரின் பெயரையும் படத்தையும் போட்டுவிடும். இந்தியாவில் முதல் தகவல் அறிக்கையை, அதாவது எஃப்ஐஆரை, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

இங்கே அப்படிப்பட்ட தளம் எதுவும் கிடையாது. காவல்துறை செய்தி அறிக்கை வெளியிடும்போது "34 வயது ஆடவர் கைது" என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். பெயர் பொதுவாக வராது.

அப்போ பெயர் எப்போது வெளியே வரும்?

ஒருவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்படும்போது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவின்படி, கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். பிணையில் விடுவிக்கப்பட்டு, விசாரணை பல மாதம் நடந்து, கடைசியில் குற்றச்சாட்டே இல்லாமல் முடிவதும் உண்டு. அந்தக் கைது எந்தப் பொதுப் பதிவேட்டிலும் ஏறாது.

வரவிருக்கும் வழக்கை எப்படித் தேடுறது?

சிங்கப்பூர் நீதித்துறையின் இணையத்தளத்தில் விசாரணைப் பட்டியல் இருக்கிறது. கட்டணம் இல்லை. பெயர், வழக்கு எண், தேதி, நீதிமன்றம் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்பது தெரியும். ஆனால் இது வரவிருக்கும் விசாரணைகளுக்கான அட்டவணை, பழைய வழக்குகளைத் தோண்டும் இடம் அல்ல.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அதனால் ஒரே ஆளின் பெயர் பல வடிவங்களில் பதிவாகலாம்:

• சிங்கப்பூரர் என்றால் அடையாள அட்டையில் உள்ளபடி "எஸ்/ஓ", "டி/ஓ" சேர்ந்து வரலாம். மலேசியர் என்றால் "ஏ/எல்", "ஏ/பி".

• இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அப்பா பெயர் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். தலைப்பெழுத்து முழுப் பெயராக விரிந்திருக்கலாம்.

• ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறும். ஒரே "முருகையா" நாலு விதமாக எழுதப்படும்.

ஆகவே ஒரு வடிவத்தில் தேடி "இல்லை" என்று வந்தால் அது முடிவு அல்ல. அதேபோல் பெயர் வந்துவிட்டது என்றால் அது அவர்தான் என்றும் ஆகாது. அப்பா பெயர் வரைக்கும் ஒத்துப்போகும் இரண்டு பேர் இந்த ஊரில் இருப்பது அதிசயம் இல்லை. வயது, வழக்கின் விவரம் என்று வேறு ஏதாவது பொருந்தினால் மட்டுமே அடுத்த படிக்குப் போங்கள்.

நேர்ல போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்தவை. நீங்கள் வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான குற்றவியல் வழக்குகள் ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களில் நடக்கும். சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மிகக் கடுமையான குற்றங்கள் சிட்டி ஹால் பக்கம் உள்ள உச்ச நீதிமன்றக் கட்டடத்தில், உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும்.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். பார்வையாளர் இருக்கையில் இருந்தே அதை நீங்கள் கேட்கலாம்.

கண்ணியமாக உடுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பேசாமல் பைக்குள் வைத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் ஒலிப்பதிவோ காணொளியோ எடுப்பது நீதிமன்ற அவமதிப்பு ஆகும்.

இளையர் நீதிமன்றம் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. வேறு சில வழக்குகளையும் மூடிய அறையில் நடத்த நீதிபதி உத்தரவிடலாம்.

முடிஞ்ச வழக்கோட தீர்ப்பு எங்கே?

எழுத்து வடிவத் தீர்ப்புகளை நீதித்துறை தளத்திலிருந்து இ-லிட்டிகேஷன் தளத்துக்குப் போய் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஓர் அடையாளம் உண்டு. சதுர அடைப்புக்குள் ஆண்டு, பிறகு நீதிமன்றத்தின் சுருக்கெழுத்து, கடைசியில் எண். எஸ்ஜிசிஏ என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம், எஸ்ஜிஎச்சி என்றால் உயர் நீதிமன்றம், எஸ்ஜிடிசி என்றால் மாவட்ட நீதிமன்றம், எஸ்ஜிஎம்சி என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எல்லா வழக்குக்கும் எழுத்துத் தீர்ப்பு வராது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, மேல்முறையீடு இல்லாமல் முடியும் வழக்குகளில் பெரும்பாலும் தளத்தில் எதுவும் இருக்காது. அதனால் தேடலில் ஒன்றும் கிடைக்காததை "சுத்தமான ஆள்" என்பதற்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்குக் கோப்பையே பார்க்க வேண்டுமா? அதற்கு நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால் காரணம் காட்ட வேண்டியிருக்கும். கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு.

தேக்கா கலவரம்: பதிவில் இருப்பது யார், இல்லாதது யார்?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கலவரம் வெடித்தது. அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால் பொதுப் பதிவு எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பது விளங்கும்.

• 25 பேர் மீதான வழக்குகள் நீதிமன்றத்தில் நடந்தன. இவர்களின் பெயர், குற்றச்சாட்டு, தண்டனை எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் வந்தவை. முதல் தண்டனை 2014 பிப்ரவரியில் விதிக்கப்பட்டது: 15 வாரச் சிறை.

• 57 பேர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றப் படியே ஏறவில்லை. இவர்களுக்குத் தீர்ப்பு கிடையாது. ஆனால் வேலை போனது.

• பேருந்து ஓட்டுநரும் அன்று கைதானார். அந்தக் கைது எல்லாச் செய்திகளிலும் வந்தது. பின்னர் அவர் மீது குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை.

• முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014 பிப்ரவரி 19 முதல் பொது விசாரணை நடத்தியது. அதன் அறிக்கையை இன்றும் யாரும் படிக்கலாம்.

ஒரே இரவு, ஆனால் நான்கு விதமான பதிவுகள். கைது செய்தியை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஓட்டுநர் குற்றவாளி. தீர்ப்புகளை மட்டும் தேடியவருக்கு அந்த 57 பேர் இருந்ததே தெரியாது.

(பழைய செய்திகளில் "கீழ்நிலை நீதிமன்றம்" என்று இருக்கும். 2014 மார்ச்சில்தான் அது "அரசு நீதிமன்றங்கள்" ஆனது. தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.)

இந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

விடுதலை: அதே குற்றத்துக்காக அவர் மீது மறுபடி வழக்குப் போட முடியாது.

விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு: இப்போதைக்கு வழக்கு நிற்கிறது. பின்னர் மீண்டும் குற்றம் சாட்ட வழி இருக்கிறது.

கடும் எச்சரிக்கை: வழக்குத் தொடராமல் எச்சரித்து விடுவது. இது குற்றத்தீர்ப்பு அல்ல. இப்படிப்பட்ட எச்சரிக்கைக்குச் சட்டப்படி எந்த விளைவும் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2015இல் தெளிவுபடுத்தியது. [2015] எஸ்ஜிஎச்சி 324 என்று தேடினால் தீர்ப்பைப் படிக்கலாம்.

இன்னொருத்தரோட குற்றப் பதிவேட்டை வாங்க முடியுமா?

முடியாது. குற்றவாளிகள் பதிவேடு காவல்துறையின் கையில் இருக்கிறது. பணம் கட்டி அதைத் தேடும் வசதி பொதுமக்களுக்கு இல்லை. வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ தேவைப்படும் தடையின்மைச் சான்றிதழையும் சம்பந்தப்பட்டவரேதான் விரல்ரேகை கொடுத்து வாங்க வேண்டும்.

சிறிய குற்றம் செய்தவருக்குச் சட்டம் ஒரு வாசலும் வைத்திருக்கிறது. சிறைத்தண்டனை 3 மாதத்தையோ அபராதம் 2,000 வெள்ளியையோ தாண்டாமல் இருந்து, அதன் பின் 5 ஆண்டுகள் குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர்களுக்கும் கடுமையான சில குற்றங்களுக்கும் இது பொருந்தாது. தகுதி பெற்றவர் "எனக்குக் குற்றப் பதிவு இல்லை" என்று பொதுவாகச் சொல்லலாம். அது பொய் ஆகாது. ஆனால் இணையத்தில் கிடக்கும் பழைய செய்தி காலாவதி ஆகாது. அதைத் தோண்டி எடுத்து ஒருவர் முகத்தில் வீசுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

தாத்தா காலத்து வழக்குகளைத் தேடுகிறீர்களா? தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் மின்னிலக்க வடிவில் இருக்கின்றன. தமிழ் முரசும் உண்டு.

கண்டுபிடிச்சாச்சு, பகிரலாமா?

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

• நடந்துகொண்டிருக்கும் வழக்கு: விசாரணையைப் பாதிக்கும் விதத்தில் எழுதினால் 2016ஆம் ஆண்டின் நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டம் பாயலாம். அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை, 100,000 வெள்ளி அபராதம், அல்லது இரண்டும்.

• தனிப்பட்ட விவரங்கள்: ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய முகவரி, தொலைபேசி எண், வேலையிடம் ஆகியவற்றைப் போடுவது தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றம்.

• பெயர் வெளியிடத் தடை: பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர், இளையர் நீதிமன்ற வழக்கில் உள்ள சிறார் போன்றோரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பது சாக்கு ஆகாது.

கைதானவர் உங்க சொந்தக்காரரா?

அப்படியென்றால் இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வழக்கை விசாரிக்கும் காவல்துறை அதிகாரியின் பெயரையும் நிலையத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவில் கைது, எந்த நாள் நீதிமன்றம், பிணை உண்டா என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரை அணுகவும் அவருக்கு அரசியலமைப்பு உரிமை தருகிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பொதுத் தற்காப்பு அலுவலகத்தை நாடலாம். வருமான வரம்பு உண்டு. புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் குற்றவியல் சட்ட உதவித் திட்டமும் இருக்கிறது. இந்தியக் குடிமகன் என்றால், தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி அவரே கேட்கலாம். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அதற்கு இடம் தருகிறது. ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளலாம்.

ஊரில் காத்திருப்பவர்களுக்குச் சொல்லும்போது ஒரு வார்த்தையில் கவனமாக இருங்கள். "கைதாகியிருக்கார்" என்பது வேறு, "குற்றம் சாட்டியிருக்காங்க" என்பது வேறு, "தண்டனை ஆகிவிட்டது" என்பது வேறு. இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை மட்டும் சொல்லுங்கள்.