அறுபத்தோராவது பிள்ளை

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்? எளிய கணக்குதானே என்பீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருவர் போதும்; 61ஆவது பிள்ளை சேர்ந்தால் மூன்றாமவர் வேண்டும். ஆசிரியர் மிகுந்த பள்ளியிலிருந்து குறைந்த பள்ளிக்கு மாற்றுவதே 'பணி நிரவல்'.

இக்கணக்கைக் கொரோனா குலைத்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் போயிற்று. இராயபுரத்து மீனவர் வீட்டிலோ, எண்ணூர்த் தொழிலாளி வீட்டிலோ ஒரே கைப்பேசிதான் என்றால், அது அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும் அல்லவா?

2021 ஜனவரி 19இல் 10, 12ஆம் வகுப்புகள் திறந்தன. அறைக்கு 25 பேரே அமரலாம் என்பது விதி. 50 பேர் கொண்ட வகுப்பு இரண்டாயிற்று, ஆசிரியர் இரண்டாகவில்லை! பின்னர் மீண்டும் மூடல். செப்டம்பர் 1இல் 9 முதல் 12 வரை திறந்தன. கீழ் வகுப்புகள் நவம்பர் 1இல்தான். இடைப்பட்ட இரு மாதங்களும், 6 முதல் 10 வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பெரியவர்களுக்கு நேரிலும், சிறியவர்களுக்குத் தொலைவிலிருந்தும் கற்பிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டே தனியார் பள்ளிப் பிள்ளைகள் பலர் அரசுப் பள்ளிகளில் சேர்ந்தனர். அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யின் தன்னார்வலர்கள் மாலையில் கைகொடுத்தனர். ஆனால் அவர்கள் ஆசிரியர்க்கு மாற்று அல்லர்.

இப்போது சிந்தியுங்கள். திருவொற்றியூரில் இரு பள்ளிகள். இரண்டிலும் 60 பிள்ளைகள் என்று கொள்வோம். ஒன்றில் அனைவரும் வாசிக்கிறார்கள். மற்றதில் பாதிப்பேர் எழுத்தையே மறந்துவிட்டார்கள். சட்டத்தின் கணக்கில் இரண்டுக்கும் இரண்டே ஆசிரியர்கள். பதிவேடு தலைகளை எண்ணும். இழந்த மாதங்களை எண்ணாது. அதையும் எண்ணும் நிரவலே நியாயமான நிரவல்.