கரி அள்ளியவர் யார்?

பாலிடெக்னிக்கில் கார்னோ சுழற்சியை வரைந்து மார்க் வாங்கியவன் நான். அவர் யார், ஏன் எழுதினார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாடி கார்னோ பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். நெப்போலியன் தோற்று ஒன்பது வருஷம் கழித்து, 1824இல், நெருப்பின் இயக்கு சக்தி பற்றிச் சிறுநூல் எழுதினார். இங்கிலாந்திடமிருந்து நீராவி எஞ்சினைப் பறித்தால் அதன் கரியும் இரும்பும் போய்விடும் என்கின்றன அதன் தொடக்கப் பக்கங்கள். அறிவியலுக்கு அரசியல் கிடையாது என்பவர்கள் கவனிக்க.

மேட்டுத் தண்ணீர் பள்ளத்தில் விழுந்து சக்கரத்தைச் சுற்றுவதுபோல, வெப்பம் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு இறங்கும்போதுதான் வேலை கிடைக்கும் என்றார். வெப்பத்தை அழியாத பாய்மமாக நினைத்தது தப்பு. இறங்கும் வெப்பத்தில் ஒரு பங்கு வேலையாகவே மாறுகிறது என்று 1850இல் கிளாசியஸ் திருத்தினார். வித்தியாசம் இல்லாமல் வேலை இல்லை என்பது மட்டும் நின்றது.

"அப்ப சமூகத்துலயும் மேல கீழ இருந்தாத்தானே எதுவும் ஓடும்?" என்றார் நண்பர் ஒருவர். சமூகம் கொதிகலன் அல்ல. அப்படியே வைத்துக்கொண்டாலும், விட்டுவிட்டால் சூடும் குளிரும் தானாகச் சமமாகும் என்பதும் அதே விதிதான். வித்தியாசத்தை நிறுத்திவைக்க யாரோ ஓயாமல் கரி அள்ளிப் போட வேண்டும். அந்த யாரோ சூத்திரத்தில் இல்லை. அவரைத் தேடித்தான் வரலாற்றுப் பக்கம் வந்தேன்.